கையில் கொடுக்காத கத்தி

கத்தி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தேவையைவிடப் பெரிய கத்தியைத்தான் கேட்பார்கள். கடை திறந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். வார இறுதியில் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர் அங்கே அறுக்கப்போவது ஒரு ரொட்டிப் பொட்டலமும் கொஞ்சம் கயிறும்தான். ஆனால் முழங்கை நீளத்துக்குச் சுவரில் தொங்கும் ஒன்றைக் காட்டி, "அதை எடுங்க" என்பார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்வார்கள். என் கடைக்குப் புல் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். இந்த மேஜையில் உறையோடு கிடக்கிற கத்தி உங்கள் கடைக் கத்தியா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நான் எழுந்து போயிருக்கலாம், நீங்களும் விட்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் ஸ்டேஷனின் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். தன் புருஷன் செத்ததற்குத் தன்னுடைய தையல்தான் காரணம் என்று காலையில் வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது சரியில்லை. அவள் தையலைக் குறை சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, குறை சொல்வது அவளே ஆனாலும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் வேண்டாம், நன்றி.

கடைத்தெருவின் கோடியில் இருக்கிறது என் கடை. கூடாரம், கயிறு, முதுகுப்பை, தலையில் மாட்டுகிற விளக்கு எல்லாம் விற்கிறேன். இருந்தாலும் எல்லோருக்கும் அது கத்திக்கடைதான். மடக்குக் கத்தி அதிகம் வைப்பதில்லை, மடங்குகிற இடம்தான் முதலில் உடைகிற இடம். காட்டுக்கும் ஆற்றுக்கும் போகிறவருக்கு மடங்காத கத்திதான் கத்தி. அலகும் பிடியும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும், அந்த இரும்பு பிடியின் அடிவரை ஓடியிருக்க வேண்டும். பிடிக்குள் எலிவால் மாதிரி மெலிந்து முடிகிற கத்திகள் சந்தையில் நிறைய உண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும், நெம்பினால் கையோடு வந்துவிடும்.

வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பேன். எந்தக் கையால் எடுப்பீர்கள்? உடம்பில் எங்கே கட்டிக்கொள்வீர்கள்? ஈரத்திலா, காய்ந்த இடத்திலா? பதில் தெரியாதவருக்கு நான் விற்பதில்லை. "கத்தி வாங்க வந்தேனா, உங்க வீட்டுல சம்பந்தம் பேச வந்தேனா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். தப்பான கத்தியை ஒருவருக்குக் கொடுத்தேன் என்ற பேர் எனக்கு வந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. கத்தியை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. மேஜையில் வைப்பேன், அவர்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனாலும் வம்பு எதற்கு.

கத்திக்கு மறுபேச்சில்லாமல் விலை கொடுப்பவர்கள், உறை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். கத்திக்கு வேலை எப்போதாவது வரும், உறைக்கு வேலை எந்நேரமும். வேண்டாத நேரத்தில் அது கத்தியை விட்டுவிடக் கூடாது. வேண்டிய நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். என் தங்கைக்கு உறை தைக்கச் சொல்லிக் கொடுத்தபோது முதல் பாடமே இதுதான்.

அவளைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், முப்பது வயது தாண்டியும். அப்பா அம்மா ஒரே விபத்தில் போனபோது அவளுக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. நான் கற்றுக்கொண்டு பின்னிவிட்டேன். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளிடம், "யாரும்மா கயிறு திரிச்சு விட்டது?" என்று கேட்டார்களாம். நானும் அப்போது சின்னப் பையன்தான், இருபது முடிந்திருந்தது. பிற்பாடு எனக்கு வந்த சம்பந்தங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிறவள் இவளை எப்படிப் பார்த்துக்கொள்வாளோ என்று பயம். அதை நான் தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்காட்டியதும் இல்லை.

கடையின் பின்னறையில் ஜன்னலோரம் அவளுடைய மேஜை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் விட்டுத் தைப்பாள். அப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிரியாது. கத்தியின் கூர் நூலைத் தொடாமலிருக்க இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு பட்டைத் தோல் வைப்பாள். ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு, அதில் வருகிற பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைப்பாள். முன்கடையில் உட்கார்ந்து அந்த இரண்டு பாட்டையும் ஒரே நேரத்தில் கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

மாப்பிள்ளை என் கடைக்கு வாடிக்கையாளராகத்தான் வந்தார். ரப்பர் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே ஆற்றோடு இறக்கிக் கூட்டிப்போகிற வேலை. என் மூன்று கேள்வியைக் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"நான் வலக்கைக்காரன்தாங்க. ஆனா ஆத்துல வலக்கை எப்பவும் எதையாவது பிடிச்சுக்கிட்டிருக்கும். அதனால இடக்கைக்கு வரணும். நெஞ்சுல மாட்டிக்குவேன். எந்நேரமும் ஈரம்தான்."

அப்படிப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மஞ்சள் பிடி போட்ட ஒரு கத்தியை எடுத்து வைத்தேன். துருப்பிடிக்காதது, ஆளைக் குத்திவிடாமலிருக்க முனை மழுங்கியது, கயிறு அறுக்கப் பல் வைத்தது. பிளாஸ்டிக் உறை. மிதவைச் சட்டையின் நெஞ்சில் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஒரே இழுப்பில் எடுக்கலாம், எந்தக் கையாலும். அவர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாப்பா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு என் கடையிலிருந்து போனது கத்தி மட்டும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

கல்யாணத்துக்கு நான்தான் முன்னின்றேன். கடைக்கு மேலேயே வீடு, மாடியில் ஓர் அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "நான் ஆத்தோட மாப்பிள்ளைங்க, வீட்டுக்கு விருந்தாளி" என்று அவர் பதில் சொல்வார். நல்ல மனிதர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் கடை ஷட்டரைச் சரிசெய்து கொடுத்தது அவர்தான். பெட்டிகள் வந்தால் என்னைத் தூக்க விடமாட்டார். அவர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் ஆரம்பிப்பது என்று பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. கடைசியில் பாப்பாதான் சொன்னாள்.

"அண்ணா, இவருக்குப் பெரிய ஆத்துல வேலை கிடைச்சிருக்கு. நிரந்தர வேலை. புதுசா வர்ற ஓட்டிகளுக்குப் பயிற்சி குடுக்கணும். வீடும் தர்றாங்க. எனக்குத் தைக்கத் தனி அறை இருக்காம். ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுமாம்."

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

தூரம்தான். ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போக வேண்டிய தூரம்.

"நீங்களும் வந்துடுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "கடையை அங்கேயே போட்டுக்கலாம். அங்க கத்தி வாங்குற கூட்டம் இங்கத்தவிட அதிகம்."

மனசாரத்தான் சொன்னார். ஆனால் விருந்தாளியாகப் போய் எத்தனை நாள் இருக்க முடியும்? சந்தோஷம் என்று சொன்னேன். டீ நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து பின்னறைக்குப் போனேன். பாப்பா இன்னும் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. மேஜையில் ஊசிகளும் மெழுகுக் கட்டியும் இருந்தன. ரேடியோ பேசாமல் இருந்தது. இனி எல்லா நாளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஊரையே கத்தியோடு காட்டுக்கு அனுப்பி வைக்கிறவனுக்கு ஒரு காலி அறையைப் பார்த்துப் பயம்.

அப்போதுதான், ஊருக்குப் போகுமுன் மாப்பிள்ளைக்கு ஒரு கத்தி பரிசாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. உறையைப் பாப்பா தைக்கட்டும் என்று சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பயணத்தை நான் மனதார ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள் போலும், வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். கத்தியை நான் தேர்ந்தெடுத்தேன். அதுதான் இது. கரையில் கூடாரம் போட்டுச் சமைக்கிறவருக்கு இதைவிட நல்ல கத்தி கிடையாது. கூர் நிற்கும், கைக்கு அடக்கம், வழவழவென்று மெருகேற்றிய மரப்பிடி. ஈரத்துக்கு ஆகாது. எஃகு துருப்பிடிக்கும், பிடி வழுக்கும். காய்ந்த இடத்துக்கான கத்தி, அவ்வளவுதான்.

இப்போது தையலைப் பார்க்கலாம், இதற்காகத்தான் பேச ஆரம்பித்தேன். உறையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்தில் அலை மாதிரி பொறித்திருப்பதும் அவள்தான். தையலுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் அரிசி அகலத்துக்கு இடம் விட்டிருப்பது தெரிகிறதா? அந்த இடம் சரியான இடம். தைத்து முடித்து அவள் என்னிடம் கொண்டுவந்தபோது கத்தி உள்ளே லேசாக ஆடியது. புது உறை அப்படித்தான் ஆட வேண்டும். அவள் இறுக்கித் தைக்கவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இறுக்கியது நான்.

தைத்த உறையை வெந்நீரில் நனைத்து, கத்தியை உள்ளே விட்டு, கத்தியின் வடிவம் தோலில் படியும்வரை விரலால் அழுத்த வேண்டும். காய்ந்தால் அந்த வடிவம் நிற்கும். கடையில் அந்த வேலை என்னுடையது, அதற்கு விரலில் பலம் வேண்டும். கத்தியை உள்ளே விடுமுன் அலகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். காய்ந்த பிறகு தாளை எடுத்துவிட்டால் அந்த அளவுக்கு உள்ளே இடம் மிஞ்சும். மழை பட்டுத் தோல் உப்பினாலும் கத்தி வெளியே வரும். இந்த முறை நான் தாள் சுற்றவில்லை. வெறும் அலகை விட்டு அழுத்தி, மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து முடுக்கிக் காயவிட்டேன். கட்டையின் தடம் உறையின் பின்பக்கம் இருக்கும், பாருங்கள்.

காய்ந்ததும் அருமையாக வந்தது. கத்தியைத் தள்ளினால் டக்கென்று உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே விலை கொடுக்கிறவர்கள் உண்டு. காய்ந்திருக்கும்போது ஒரு கையால் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். பிறகு கடைக்குப் பின்னால் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைத்தேன். ஊறியதும் இடுப்பில் கட்டிக்கொண்டு இடக்கையால் இழுத்தேன். வரவில்லை. வலக்கையால் இழுத்தேன். வரவில்லை. வழுக்கிக்கொண்டு கைதான் வந்தது. உறையைக் கழற்றி முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தபோது வந்தது. ஆக, இரண்டு கையும் வேண்டும். ஆற்றில் இருக்கிறவருக்கு இரண்டு கை கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

கத்தியைத் துடைத்து, உறையைக் கெடாமல் நிழலில் காயவைத்து, வெளிப்புறம் மட்டும் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நிதானமாக எழுதுங்கள். நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. அவர் சாக வேண்டும் என்று நான் எண்ணவில்லை. எங்காவது ஓரிடத்தில் கத்தி வேண்டும்போது வராது, ஒரு நல்ல பயம் வரும், ஆறு போதும் என்று கடைக்கு வந்து என்னோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். ஷட்டர் எல்லாம் அவருக்கு நன்றாகப் பார்க்கத் தெரியும். பிழைத்துத் திரும்பி வருகிறவரைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன்.

மஞ்சள் கத்தியைப் பற்றியும் கேட்பீர்கள். நெஞ்சில் அது இருந்தால் இடுப்பில் எது இருந்தாலும் ஒன்றுதான். பல் மழுங்கிவிட்டது, தீட்டித் தருகிறேன் என்று நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன். வாங்கிய அன்றே தீட்டிவிட்டேன். வேலையைப் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"இன்னும் ஆகலையா மச்சான்?" என்று அவர் அவ்வப்போது கேட்பார்.

"சாணைக்கல் தேஞ்சு போச்சு மாப்பிள்ளை, புதுசு வரணும்" என்பேன்.

"கத்திக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை கத்தி இல்லாம போறான்னு ஆத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க." அதைச் சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிய நாட்கள் அவை. கத்தி இல்லாமலே போய்விட்டு வரலாம்.

தினமும் காலையில் பாலம் வரை நடப்பது என் வழக்கம். ஒரு வாரம் மேற்கே நல்ல மழை. ஆற்றின் நிறம் மாறிவந்தது. முந்தின நாள் தெரிந்த பாறைகள் அன்றைக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்தேன். அவர் படியிறங்கி வந்தார், அவசரத்தில் இருந்தார்.

"இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி மச்சான். மஞ்சக் கத்தி வேணும். ஆகலன்னாலும் பரவாயில்ல, அப்படியே குடுங்க."

அது மேஜை டிராயரில் இருந்தது, என் கைக்கு ஒரு சாண் தூரத்தில். "அது பட்டறைக்குப் போயிருக்கு மாப்பிள்ளை. உங்க புதுக் கத்தியைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று, ஊருக்குப் போகும்போது கொடுக்க வைத்திருந்த இதை எடுத்து மேஜையில் வைத்தேன். பாப்பாவுக்குத் தெரியாமல் முன்கூட்டியே கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் உறையைத் தடவிப் பார்த்தார். அந்த அலைப் பொறிப்பின்மேல் விரல் ஓடியது. "தோலாச்சே மச்சான். தண்ணிக்கு ஆகாதே. தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்கவா முடியும்?"

"எண்ணெயில ஊறவச்சது. தண்ணி ஏறாது."

"அதுக்கில்ல. பாப்பா தச்சது, நனைஞ்சு பாழாப் போச்சுன்னா மனசு கஷ்டப்படுவா."

அவருடைய கவலை அதுதான். பெல்ட்டில் கோத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணெயில் ஊறவைத்தது என்று நான் சொன்னது பொய். வாடிக்கையாளர்களிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அவர் வாடிக்கையாளர் இல்லை, வீட்டு மனிதர்.

நடந்ததை மொட்டை என்று கூப்பிடுகிற இன்னொரு படகோட்டி உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார், சொல்லும்போது என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். படகு பாறையில் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை பயணிகளை ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏற்றிவிட்டார். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் ஏறுவதற்குள் படகின் கயிறு காலில் சுற்றிக்கொண்டது, தண்ணீர் படகை அந்தப் பக்கம் இழுத்தது.

"வலக்கையால பாறையைக் கட்டிப் பிடிச்சிருந்தான் அண்ணே. இடக்கை இடுப்புக்குப் போவுது, வருது, போவுது, வருது. வெட்டுடா, கயித்தை வெட்டுடான்னு கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி இடுப்புலயே இருக்கு. ஏன் வெட்டலன்னு எனக்கு இன்னும் புரியலண்ணே."

பதற்றத்தில் கை ஓடியிருக்காது என்று நான் சொன்னேன். உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதினார்கள். பெரிய ஓட்டிக்கும் ஒரு நாள் அடி சறுக்கும் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு எனக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் பதறுகிற ஆள் இல்லை.

அவருடைய துணிமணியையும் பெல்ட்டையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினீர்கள். மற்றவர்கள் பார்த்தும் கவனிக்காத ஒன்றைப் பாப்பா கவனித்தாள். கத்தி நழுவாமலிருக்க உறையில் பிடிக்குக் குறுக்கே போடுகிற வாரின் பட்டன் திறந்திருந்தது. தண்ணீர் அடித்துத் திறந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவள் தைத்த பட்டன் அப்படித் திறக்காது, கையால் திறந்தால்தான் உண்டு. தோலில், உறையின் வாய்க்குப் பக்கத்தில், அந்த அலைப் பொறிப்பின்மேல் நகக் கீறல்கள் இருக்கின்றன. இதோ, இந்த இடத்தில். நானும் அவள் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர். உறையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் குழாயடியில் செய்த மாதிரியே. நான்தானே கற்றுக்கொடுத்தவன், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கை போகும்.

"அண்ணா, நான் இறுக்கித் தச்சுட்டேன்ண்ணா," என்றாள். "அவர் இழுத்திருக்கார். வரல. நான்தாண்ணா கொன்னுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "உன் தப்பு இல்லம்மா. ஆறு அப்படி" என்று மட்டும் சொன்னேன். டீ ஆறிவிட்டது, வேறு போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் குடிக்கவில்லை.

அதன் பிறகு அவள் பின்னறைக்கு வரவே இல்லை. ரயில் ஏறிப் போகவும் இல்லை. மாடியில் இருக்கிறாள், ஆனால் இருக்கிற மாதிரி இல்லை. ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு நாள் ரேடியோவை நானே போட்டு வைத்தேன், மேலே கேட்கட்டும் என்று. இறங்கி வந்து அணைத்துவிட்டுப் போனாள். என்னிடம் கோபம் இல்லை. தன் கையைப் பார்த்துத்தான் கோபம். சாப்பிடும்போது இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் சாப்பிடுவது எளிதல்ல. உங்களுக்கும் தங்கை இருந்தால் தெரியும். அவளை இங்கே வந்து இப்படி உட்காரவைக்க வேண்டும் என்றா நான் இவ்வளவும் செய்தேன்?

அதனால் சொல்லிவிட்டேன். தையலில் குற்றமில்லை என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாள். அரிசி அகலத்தையும் கட்டையின் தடத்தையும் காட்டுங்கள். வேலை தெரிந்தவள், பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். மஞ்சள் கத்தி டிராயரில் இருக்கிறது, சாவி இதோ. கூர் பார்க்கிறேன் என்று விரலை வைத்துவிடாதீர்கள், நன்றாகவே தீட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு என்மேல் கோபமாக இருப்பாள். இருக்கட்டும், அது நியாயம்தான். அப்புறம் தன் கைமேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டதால் மறுபடி தைக்க உட்கார்ந்துவிடுவாள். பின்னறை மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் திரும்பி வரும்போது அவள் அங்கே இருப்பாள், அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கதவுக்கு வெளியே இப்போது எழுந்து நிற்கிறாள் பாருங்கள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்கிறதா? கண்ணாடிதானே, கேட்காது என்று நினைத்தேன். அவள் ஏன் கையை அப்படி வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள்?

கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று எழுதியிருப்பதைப் பற்றி நான் தகராறு செய்யப் போவதில்லை, அது உங்கள் தொழில், உங்கள் சொல். ஆனால் ஓரிடத்தில் பிழை இருக்கிறது, அதைத் திருத்தினால்தான் போடுவேன். அன்று காலையில் இந்தக் கத்தியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கையில் கொடுக்கவில்லை. மேஜையில்தான் வைத்தேன், அவராகத்தான் எடுத்துக்கொண்டார். அதனால்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் கடைசி வரை ஒரு சண்டையும் வந்ததில்லை.